குதிரையின் முழங்கால் எலும்பில் நீர்க்கட்டி: இனி அது சவாரிக்கு ஆகுமா?

கல்குடாவிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். பாசிக்குடாக் கடற்கரையில் சுற்றுலா வருபவர்களை ஏற்றிக்கொண்டு போவதற்காக, நுவரெலியாப் பக்கமிருந்து இரண்டரை வயதுப் பெண் குதிரை ஒன்றை வாங்கியிருக்கிறார்கள். பழக்கத் தொடங்கிக் கொஞ்ச நாளில் வலது பின்னங்கால் நொண்ட ஆரம்பித்துவிட்டது. எக்ஸ்ரே எடுத்தால் முழங்கால் எலும்பில் கறுப்பாக ஒரு வட்டம். ‘எலும்பு நீர்க்கட்டி’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஒருவர் புற்றுநோய் என்கிறார், ஒருவர் மூட்டுக்குள் ஊசி போட்டால் முடிந்தது என்கிறார், மாமா சூடு போடச் சொல்கிறார். இனி சவாரிக்கு ஆகுமா, தவிடு கொடுத்ததால் வந்ததா, குட்டி எடுக்கலாமா என்பதுதான் அவருடைய கேள்விகள்.

நானும் மட்டக்களப்பான்தான். மிருக வைத்தியம் படித்துவிட்டு வளைகுடா நாட்டில் குதிரை ஆஸ்பத்திரி ஒன்றில் நெடுங்காலம் வேலை பார்த்தவன். இந்தக் கறுப்பு வட்டத்தை அங்கே அடிக்கடி பார்த்திருக்கிறேன். நம்மூரில் மாடு, எருமை, ஆடு என்றால் கைநாடி பார்த்தே சொல்லிவிடுகிற வைத்தியர்கள் இருக்கிறார்கள். குதிரை மூட்டு அவர்களிடம் எப்போதாவதுதான் வரும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பயத்தைக் கழற்றி வையுங்கள். இது புற்றுநோய் இல்லை. மூட்டின் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே, எலும்புக்குள் விழுந்த ஒரு குழி. அதற்குள் கூழ் மாதிரியான திரவமும் நாரிழையமும் இருக்கும். உடம்பின் மற்ற இடங்களுக்குப் பரவாது, உயிரை எடுக்காது. வலியும் நொண்டலும்தான் பிரச்சினை.

எந்த மூட்டு என்பதையும் தெளிவாக்கிக்கொள்வோம். குதிரையின் பின்னங்காலில் பின்பக்கமாகத் துருத்திக்கொண்டு நிற்கிற மூட்டைத்தான் பலர் முழங்கால் என்று காட்டுவார்கள். அது நமது கணுக்காலுக்குச் சமமானது. உண்மையான முழங்கால் அதற்கு மேலே, வயிற்றோடு ஒட்டினாற்போல இருக்கும், சில்லும் அங்கேதான். அந்த மூட்டில் தொடை எலும்பின் கீழ்முனை இரண்டு உருண்டைகளாகப் பிரிகிறது. குதிரைகளில் இந்தக் குழி அதிகமாக வருகிற இடம் அதில் உட்பக்கத்து உருண்டை. எடை இறங்கும்போது நெருக்கம் அங்கேதான் அதிகம். குளம்புக்குள் இருக்கும் எலும்பு, குளம்புக்கு மேலுள்ள சிறு மூட்டுகள், முன்னங்கால் மூட்டுகள், தோள்பட்டை என்று வேறு இடங்களிலும் வரும். இடத்துக்கு இடம் விதி வேறு: குளம்புக்கு நேர் மேலே இருக்கிற மூட்டில் வந்தால், கடைசி வழியாக அந்த மூட்டையே தகடு வைத்து இறுக்கி அசையாமல் ஆக்கிவிட்டுக் குதிரையை வேலைக்கு எடுக்கலாம். தோள்பட்டையில் வந்தால் பெரும்பாலும் நல்ல செய்தி சொல்ல முடியாது.

ஏன் வருகிறது? குட்டியாக இருக்கும்போது எலும்பின் முனைகள் கசியிழையமாக, அதாவது குருத்தெலும்பாகத்தான் இருக்கும். வளர வளர அது உள்ளிருந்து எலும்பாக மாறிக்கொண்டே வரும். அந்தக் கசியிழையத்துக்குள் ஓடுகிற நுண்ணிய இரத்தக் குழாய் ஒன்று அடைபட்டால் அந்தத் துண்டு செத்துப்போகும். எலும்பாக மாறாமல் அப்படியே மென்மையாகத் தங்கிவிடும். குட்டி மேய்ந்துகொண்டிருக்கும்வரை ஒன்றும் தெரியாது. ஆளை ஏற்றிப் பழக்கத் தொடங்கியதும் அந்த மெலிந்த இடம் எடை தாங்காமல் உள்ளே இறங்குகிறது. அதனால்தான் ஒன்றிலிருந்து மூன்று வயதுக் குதிரைகளில் இதை அதிகம் காண்கிறோம், அதுவும் பழக்கத் தொடங்கிய கையோடு. உங்கள் குதிரையின் கதையும் இதே மாதிரிதான் இருக்கிறது. நீங்கள் வாங்குவதற்கு முன்பே விதை விழுந்திருக்க வாய்ப்பு அதிகம்.

இன்னொரு வழியும் உண்டு. அடிபட்டு, அல்லது எடை திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் இறங்கி, மேற்பரப்புக் கசியிழையத்தில் சிறு வெடிப்பு விழும். ஒவ்வோர் அடிக்கும் மூட்டுத் திரவம் அந்த வெடிப்பு வழியாக எலும்புக்குள் தள்ளப்படும். நமது ஊர் வெள்ளத்துக்குப் பிறகு தார் ரோட்டைப் பார்த்திருப்பீர்கள்: மேலே சின்ன வெடிப்புத்தான், கீழே மண் கரைந்து பெரிய பள்ளம். எலும்பில் இது இன்னும் மோசமாகப் போவதற்குக் காரணம் குழியின் உட்சுவர் சும்மா இருப்பதில்லை. அழற்சியை உண்டாக்கும் பொருள்களைச் சுரந்து சுற்றியுள்ள எலும்பை அரிக்கச் செய்கிறது. உடம்பு பதிலுக்குச் சுற்றிலும் தடித்த எலும்பு மதிலைக் கட்டும். எக்ஸ்ரேயில் கறுப்பு வட்டத்தைச் சுற்றி வெள்ளை விளிம்பாகத் தெரிவது அந்த மதில்தான்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். எல்லாரும் குழியின் அளவைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். நான் முதலில் பார்ப்பது குழியின் வாயை. மேலே கசியிழையம் மூடியபடி இருக்கிறதா, எவ்வளவு அகலம் திறந்திருக்கிறது, அந்த விளிம்பு எதிரே இருக்கிற மெனிஸ்கஸ் என்ற மெத்தையை உரசிக் கிழித்திருக்கிறதா, மூட்டின் ஓரங்களில் எலும்பு முளைவிட்டுத் தேய்மானம் தொடங்கிவிட்டதா? இவைதான் குதிரையின் எதிர்காலத்தைச் சொல்லும். உள்ளே பெரிய குழி இருந்தும் நொண்டாத குதிரைகள் உண்டு; பந்தயக் குட்டிகளை விற்பதற்கு முன் எடுக்கிற எக்ஸ்ரேக்களில் தற்செயலாக இப்படிக் கண்டுபிடிக்கப்படுவது சாதாரணம். மறுபக்கம், குழி சிறிதாக இருந்தும் வாய் அகலமாகக் கிழிந்து, காலைத் தூக்கி வைக்கவே முடியாத குதிரைகளும் உண்டு. சுரண்டிச் சுத்தம் செய்யும் அறுவைச் சிகிச்சையிலேயே இது தெரிந்த கணக்கு: மேற்பரப்பில் 15 மில்லிமீட்டருக்கு மேல் அகலமாகச் சுரண்ட வேண்டி வந்த பந்தயக் குதிரைகள், அதற்குக் குறைவாகச் சுரண்டியவற்றைவிட மிகக் குறைவாகவே ஓட்டத்துக்குத் திரும்பின. குழியின் ஆழம் அந்த அளவுக்குப் பெரிதாகப் பேசப்படவில்லை.

சரி, உங்களிடம் இருப்பது ஒரே ஒரு எக்ஸ்ரே. அதை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். முழங்காலைச் சுற்றித் தசை தடிப்பு; நாய் பூனைக்கு வைத்திருக்கும் சிறிய கருவியில் படம் மங்கலாக வருவது இயல்பு. பின்பக்கமிருந்து முன்பக்கமாக எடுத்த படம், காலை மடக்கிப் பக்கவாட்டில் எடுத்த படம் இரண்டும் வேண்டும். அதோடு, நொண்டாத இடது காலையும் கட்டாயம் எடுங்கள். இந்தக் குழி இரண்டு காலிலும் இருப்பது சகஜம். வலி கூடிய கால்தான் கண்ணுக்குத் தெரியும். இரண்டிலும் இருந்தால் சிகிச்சைக் கணக்கே மாறிவிடும்.

அப்புறம், நொண்டலுக்குக் காரணம் உண்மையிலேயே இந்தக் குழிதானா என்பதை நிரூபிக்க வேண்டும். குளம்புக்குள் சீழ் பிடித்தாலும் குதிரை நொண்டும். முதலில் குளம்பைப் பார்க்காமல் முழங்காலுக்கு ஓடக் கூடாது. முழங்கால் வலியில் நொண்டுகிற குதிரை பொதுவாகக் காலை முன்னே நீட்டி வைக்காமல் எட்டைக் குறுக்கும், குளம்பின் நுனியைத் தரையில் இழுக்கும், வட்டமாக ஓட்டினால் கூடுதலாகக் காட்டும். மூட்டைக் கொஞ்ச நேரம் மடக்கிப் பிடித்துவிட்டு ஓட்டிப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். உறுதிப்படுத்துவது விறைப்பூசி. மூட்டின் உட்பக்க அறைக்குள் விறைப்பு மருந்தைச் செலுத்திவிட்டு, அரை மணி நேரம் கழித்து நடத்திப் பார்ப்பார்கள். நொண்டல் குறைந்தால் குற்றவாளி அங்கேதான். முழுக்கப் போகாவிட்டாலும் ஆச்சரியமில்லை, வலி எலும்புக்குள்ளிருந்து வருவதால் மருந்து எல்லா இடமும் எட்டாது. மெனிஸ்கஸையும் கசியிழைய மேற்பரப்பையும் பார்க்க அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் உதவும். அதற்குக் கதிர்வீச்சும் இல்லை, செலவும் குறைவு.

சிகிச்சைக்கு வருவோம். இரண்டரை வயது என்பது உங்கள் பக்கம் இருக்கிற பெரிய பலம். மூன்று வயதுக்கு உட்பட்ட குதிரைகள் அதற்கு மேற்பட்டவற்றைவிடத் தெளிவாக நன்றாகத் தேறுகின்றன. எலும்புக்கு இன்னும் கட்டுகிற வேகம் இருக்கிறது, மூட்டுத் தேய்மானமும் பெரும்பாலும் தொடங்கியிருக்காது.

மிக எளிய வழி ஓய்வு. கொட்டிலும் சிறிய அடைப்பும், ஆறு மாதமளவில். சிலது இதிலேயே நொண்டல் விட்டு வருகின்றன, குழி எக்ஸ்ரேயில் அப்படியே இருந்தாலும்கூட. வேலையைத் தொடங்கியதும் திரும்ப நொண்டுகிறவையும் உண்டு. பாசிக்குடாவில் சீசன் சித்திரை முதல் புரட்டாதி வரைதானே. மாரி காலத்தில் எப்படியும் கடற்கரையில் ஆள் இல்லை. ஓய்வை அந்தக் காலத்தில் வைத்தால் நட்டம் குறையும். ஆனால் மாரியில் சேற்றில் வழுக்கி நிற்கிற இடமாக அடைப்பு இருக்கக் கூடாது. உயரமான, தண்ணீர் வடிகிற தரை வேண்டும்.

வலி மருந்து பற்றி ஒரு வார்த்தை. குதிரைக்கு வழக்கமாகக் கொடுக்கிற பீனைல்பியூட்டசோன் நொண்டலை மறைக்கும், குழியை ஆற்றாது. மருந்து கொடுத்துச் சவாரிக்கு அனுப்பினால் எலும்பைக் கூடுதலாக இடித்துக்கொள்ள நாமே அனுமதி கொடுத்த மாதிரி. நாள் கணக்காகக் கொடுத்தால் குடலிலும் வாயிலும் புண் வரும். நம்மூர் வெயிலில் தண்ணீர் குறைவாகக் குடிக்கிற குதிரைக்குச் சிறுநீரகமும் அடிபடும். வைத்தியர் சொல்கிற அளவு, சொல்கிற நாள், அவ்வளவுதான்.

‘மூட்டுக்குள் ஊசி’ என்று அந்த நண்பர் சொன்னது ஸ்டீராய்டாக இருக்க வேண்டும். அதில் உண்மை இருக்கிறது, ஆனால் பாதிதான். மூட்டுக்குள் பொதுவாக ஊற்றுவது ஒன்று. மூட்டுக்குள் விடுகிற ஆர்த்ரோஸ்கோப் கமராவிலோ ஸ்கேனிலோ பார்த்தபடி குழியின் சுவருக்குள்ளேயே ட்ரையம்சினோலோன் என்ற ஸ்டீராய்டைச் செலுத்துவது வேறொன்று. இரண்டாவது முறை, எலும்பை அரிக்கிற அந்தச் சுவரை அடக்குகிறது. கமரா வைத்துச் செய்த குதிரைகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு தேறியிருக்கின்றன. மாட்டுப்பட்டிப் பக்கத்தில் நிற்க வைத்து, மயிரையும் வழிக்காமல், மூட்டுக்குள் ஊசி குத்துவதை மட்டும் அனுமதிக்காதீர்கள். மூட்டுக்குள் கிருமி போனால் குழியைவிடப் பல மடங்கு பெரிய ஆபத்து. குதிரையைக் கருணைக் கொலை செய்ய வேண்டி வந்துவிடும். ஸ்டீராய்டு சில குதிரைகளில் குளம்பு அழற்சியையும் கிளப்பும், அளவுக்கு மிஞ்சிக் கொழுத்த குதிரை என்றால் இன்னும் கவனம்.

அறுவைச் சிகிச்சையில் பழைய முறை, கமராவுடன் உள்ளே போய்க் குழியைச் சுரண்டிச் சுத்தம் செய்வது. இளம் குதிரைகளில் இன்னும் பயனுள்ளது. ஆனால் சுரண்டும்போது குழியின் வாயை நாமே அகலமாக்குகிறோம், பிறகு மெனிஸ்கஸ் அங்கே உரசும். அதனால் எனக்கு அதில் பெரிய விருப்பம் இல்லை. எலும்புக்குள் துளை போட்டு விடுகிற முறை ஒருகாலத்தில் இருந்தது. குழி பெரிதானதால் கைவிட்டார்கள்.

இப்போது நான் அதிகம் நம்புவது திருகாணி முறை. தொடை எலும்பின் அந்த உருண்டைக்குக் குறுக்காக, குழியின் ஊடே, 4.5 மில்லிமீட்டர் திருகாணி ஒன்றைப் போட்டு இறுக்குவார்கள். மூட்டு மேற்பரப்பைத் தொடுவதில்லை. குழியைச் சுற்றியுள்ள எலும்பின் மீது விழுகிற அழுத்தத்தின் திசை மாறுகிறது. எலும்பு அந்த அழுத்தத்துக்குப் பதில் சொல்லிப் புதிதாக வளர்ந்து உள்ளே நிரம்புகிறது. அமெரிக்க அறுவைச் சிகிச்சை நிபுணர் எலிசபெத் சான்ட்ஷியும் குழுவினரும் 2015இல் வெளியிட்ட முதற்கட்ட முடிவில், 20 குதிரைகளில் 15இல் நொண்டல் நீங்கியிருந்தது. சின்ன எண்ணிக்கைதான், ஆனால் ஓய்வுக்கும் ஊசிக்கும் அசையாத குதிரைகளுக்கு இது ஒரு கதவைத் திறந்துவிட்டது.

ஆனால் மட்டக்களப்பில் இருந்துகொண்டு இதை எப்படிச் செய்வது? நேரடியாகச் சொல்கிறேன்: பெரிய மிருகத்தை முழு மயக்கத்தில் கிடத்தி எழுப்புவதே தனிக் கலை. குதிரைக்கு முழு மயக்கம் கொடுப்பதில் நூறில் ஒன்று இறக்கும் அளவுக்கு நெருங்கும் ஆபத்து இருக்கிறது. நாய் பூனையை விடப் பல மடங்கு. எழும்பும்போது தடுமாறிக் காலை உடைத்துக்கொள்ளும். மெத்தை போட்ட அறை, பழகிய ஆட்கள் இல்லாமல் ஆசைக்கு முயலக் கூடாது. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடத்துப் போதனா வைத்தியசாலையிலும், நுவரெலியாப் பந்தயக் குதிரைகளைப் பார்க்கிற வைத்தியர்களிடமும் முதலில் படங்களைக் காட்டிக் கருத்துக் கேளுங்கள். திரையைக் கைபேசியில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம். எக்ஸ்ரேயின் மூலக் கோப்பையே வாங்கி அனுப்புங்கள். சாதாரண தரையில் நேராக ஓடுவது, இரண்டு பக்கமும் வட்டமாக ஓடுவது என்று ஒரு வீடியோவும் கூட இருக்கட்டும். உங்கள் குதிரை பந்தயம் ஓடப் போவதில்லை, மெதுவாக நடக்கப் போகிறது. அதனால் என் வரிசை இதுதான்: முதலில் முழு ஓய்வு, பிறகு மறு எக்ஸ்ரே, தேவைப்பட்டால் சுத்தமான இடத்தில் ஸ்கேன் பார்த்தபடி ஊசி. திருகாணியை அதற்குப் பிறகுதான் யோசிப்பேன்.

தவிட்டுக் கேள்வி. இந்தக் குழி தவிட்டால் வந்ததென்று சொல்ல மாட்டேன். குட்டிப் பருவத்தில் அளவுக்கு மீறிய தீனியில் வேகமாகக் கொழுத்து வளர்வதும், செப்புச் சத்துக் குறைவதும், சுண்ணாம்புச் சத்துக்கும் பொஸ்பரசுக்கும் இடையிலான சமநிலை குலைவதும் கசியிழையக் கோளாறுக்கு வழி விடும், பரம்பரையும் சேரும். இரண்டரை வயதில் இனிச் செப்பு கொடுத்துக் குழியை மூட முடியாது. ஆனால் தவிட்டை நிறுத்தச் சொல்வதற்கு வேறு காரணம் இருக்கிறது. நம்மூர் ஆலைத் தவிட்டில் பொஸ்பரஸ் மிக அதிகம், சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. குதிரைக்குச் சுண்ணாம்புச் சத்து பொஸ்பரசைவிடக் குறையவே கூடாது. ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு இருந்தால் நல்லது. தலைகீழானால் உடம்பு எலும்பிலிருந்தே சுண்ணாம்புச் சத்தை உருவி எடுக்கும். முகத்து எலும்பு வீங்கும், ஒரு நாள் இந்தக் கால், மறுநாள் அந்தக் கால் என்று நொண்டும். மாட்டுக்கு நடுகிற நேப்பியர் புல்லில் இருக்கிற ஒக்சலேட்டும் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தவிடும் நேப்பியருமாகக் கொடுத்தால் குதிரைக்கு இரட்டை அடி. மாட்டின் இரைப்பை இதைச் சமாளிக்கும், குதிரையால் முடியாது. மேய்ச்சல் புல்லைக் கூட்டி, தவிட்டைக் குறைத்து, தீனிக்கென்று விற்கிற சுண்ணாம்புக்கல் மாவை வைத்தியர் சொல்லும் அளவில் கலக்குங்கள். வெற்றிலைக்குப் போடுகிற சுண்ணாம்பைக் கலந்துவிடாதீர்கள், அது வாயையும் குடலையும் வேக வைக்கும். இன்னொன்று, மாட்டுக்கு வெட்டிப் போடுகிற இபில் இபில் தழையைக் குதிரை தின்றால் பிடரி மயிரும் வால் மயிரும் உதிரும். கேட்காத விஷயம்தான், ஆனால் நம்மூரில் நடக்கிற தவறு.

நொண்டல் விட்டு வேலைக்குத் திரும்பினால் கடற்கரையில் இரண்டு விஷயம். அலை வந்து போன ஈர மணல் இறுகி இருக்கும், அங்கே நடத்துங்கள். மேலேயுள்ள உலர்ந்த, இளகிய மணலில் கால் புதைந்து ஒவ்வோர் அடிக்கும் முழங்கால் கூடுதலாக உழைக்கும். ஏற்றுகிற எடை சேணத்தோடு சேர்த்துக் குதிரையின் எடையில் ஐந்தில் ஒன்றைத் தாண்ட வேண்டாம். 300 கிலோக் குதிரைக்கு 60 கிலோ. இந்தக் குதிரைக்கு அதைவிடக் குறைவாகவே வைப்பேன். அதாவது சிறுவர்களுக்கும் மெலிந்தவர்களுக்கும் மட்டும். 90 கிலோ ஆள் காசைக் கூட்டித் தருகிறேன் என்றாலும் கையைக் கூப்பிவிடுங்கள்.

குட்டி எடுக்கலாமா? கர்ப்பப்பைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் பதினொரு மாதச் சினையில் கடைசி மாதங்களின் எடை அந்தக் காலில்தான் இறங்கும், இந்தக் கோளாறு குட்டிக்கு ஓரளவு போகவும் வாய்ப்பிருக்கிறது. இரண்டு காலிலும் குழி இருந்தால் நான் வேண்டாம் என்பேன். ஒரு காலில் மட்டும், நொண்டலும் இல்லை என்றால், குழி இல்லாத ஆண் குதிரையோடு சேர்ப்பதைத் தடுக்க மாட்டேன். விற்க நினைத்தால் எக்ஸ்ரேயை வாங்குபவர் கையில் கொடுத்து விற்றுவிடுங்கள்.

மாமா சொன்ன சூடு: பட்டிமாட்டுக்குக் குறி சுடுகிற பழக்கத்தில் சொல்லியிருப்பார். தோலைச் சுட்டால் வலி இடம் மாறும், குதிரை சில நாள் அசையாமல் நிற்கும், அதைப் பார்த்துத் தேறிவிட்டது என்று தோன்றும். எலும்புக்குள் இருக்கிற குழிக்கு அந்தச் சூடு போய்ச் சேராது. மாமாவிடம் எக்ஸ்ரேயைக் காட்டுங்கள், குழி எவ்வளவு உள்ளே இருக்கிறது என்று அவரே பார்த்துக்கொள்வார்.